கொடாததைக் கொள்ளும் சார்புகள்

‘கொடுத்தான்’ என்பது ஒரு சொல். அதைக் கேட்டவன் வாளா இருத்தல் இயலாது. யார் கொடுத்தான், எதைக் கொடுத்தான், யாருக்குக் கொடுத்தான் என்னும் வினாக்கள் அவன் உள்ளத்தில் ஒன்றன்பின் ஒன்றாய் எழுகின்றன. வினைச்சொல் தனித்து வருவதில்லை. தன்னைச் சுற்றிச் சில ஆசனங்களை இட்டுக்கொண்டே வருகின்றது. தொல்காப்பியனார் வேற்றுமை மயங்கியலிலே தொழிலுக்கு வேண்டுவன இவை என்று எட்டை எண்ணினார். வினை, செய்பவன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னாருக்கு என்பது, இன்ன பயன் கருதி என்பது என அவை எட்டாம். எண்ணி முடித்த கையோடு, வழக்கிலே இவற்றுட் சில குறைந்து வருதலும் உண்டு என அடுத்த சூத்திரத்தில் ஓர் அனுமதியும் வழங்கினார்.

குறைந்து வரலாம்; சரி. குறைந்ததை நிரப்புவது யார்?

பேச்சிலே கேட்போன் நிரப்புகின்றான். ‘சாப்பிட்டாயிற்றா?’ என்று தாய் கேட்டால், யார் சாப்பிட்டது, எதைச் சாப்பிட்டது என்று பிள்ளை திருப்பிக் கேட்பதில்லை. இடமும் காலமும் முகமும் நிரப்பிவிடுகின்றன. செய்யுளிலே உரையாசிரியன் நிரப்புகின்றான். நிரப்புவதோடு நில்லாமல், இன்ன சொல் வருவித்துரைக்கப்பட்டது என்று தான் செய்ததை ஒளியாது சொல்லியும் விடுகின்றான். அந்த நேர்மையினாலேதான் ஓர் உரையாசிரியன் வருவித்ததை மற்றோர் உரையாசிரியன் மறுக்க முடிகின்றது. கணினியிலே நிரப்புகின்றவன் யார்? அவன் நேர்மை எத்தகையது? இதுவே இங்கு ஆராயப்படும் பொருள்.

கணினிக்கு ஆணையிடும் மொழிகளிலும் வினைகள் உண்டு. அவற்றைச் சார்பு என்று நம்மவர் வழங்குவர். ஒரு பொருளோடு ஒட்டி அப்பொருளுக்குரிய தொழிலாய் நிற்கும் சார்புக்கு முறை என்று பெயர். சார்புக்கும் முறைக்கும் ஆசனங்கள் உண்டு. அவ்வாசனங்கள் பரமானங்கள் எனப்படும். சார்பை அழைக்கும்போது ஒவ்வோர் ஆசனத்திலும் ஒரு பெறுமானத்தை இருத்துகின்றோம். சில ஆசனங்களை வெறுமையாய் விட்டாலும் சார்பு கோபிப்பதில்லை. அழைப்பவன் ஒன்றும் தராதவிடத்துத் தானே எடுத்துக்கொள்ளும்படி அங்கே ஒரு பெறுமானம் முன்னமே வைக்கப்பட்டிருக்கின்றது. அதுவே இயல்புநிலைப் பெறுமானம்.

வைத்தவன் யார்? அழைப்பவன் அல்லன். எங்கோ ஒரு தேசத்தில், எப்போதோ ஒரு நாளில், அந்தச் சார்பை எழுதியவன். அவன் முகத்தை நாம் கண்டதில்லை. அவன் தமிழ் அறிந்தவனாய் இருத்தல் அரிது. நாம் வாய் திறவாத இடங்களிலெல்லாம் அவன் நமக்காகப் பேசுகின்றான். என்ன பேசினான் என்று அந்தச் சார்பையே வினவி அறிய ஒரு வழி இருக்க வேண்டும். வழி இருக்குமிடத்து நம் மாணவர் வினவிப் பழக வேண்டும். இது என் கட்சி.

பைதான் என்னும் மொழியை உதாரணமாக எடுத்துக்கொள்கின்றேன். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் நம் பிள்ளைகள் கற்பது அம்மொழியே. ஐம்பதைக் கடந்த பின்னர் அப்பிள்ளைகளிடமே நான் அதனைப் பாடங்கேட்டேன். அதை ஆக்கியவர் கைடோ வான் ரொசம் என்னும் ஒல்லாந்தர். ஒல்லாந்தரைக் கோட்டை கட்டியவர்களாகவே அறிந்த நமக்கு, அந்நாட்டிலிருந்து ஓர் இலக்கணகாரர் வந்தது புதுமையே. அம்ஸ்ரடாம் நகரத்து ஆராய்ச்சி நிலையமொன்றிற் பணிபுரிந்த காலத்தில், 1991ஆம் ஆண்டு பெப்ரவரியில், அவர் தம் மொழியை முதன்முதல் வெளியிட்டார். அவ்வாண்டு ஒக்டோபரில் வெளிவந்த யூனிகோட்டின் முதற் பதிப்பிலே தமிழெழுத்துக்கும் இடம் கிடைத்தது. ஓராண்டிற் பிறந்த இவ்விருவரும் ஒருவரையொருவர் செவ்வையாய் அறிந்துகொள்ள நெடுங்காலம் சென்றது. அந்தக் கதை பின்னே வரும்.

பைதானிலே ‘இன்ஸ்பெக்ட்’ என்று ஒரு மொடியூல் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வரும் இன்ஸ்பெக்டரை அறிந்த தலைமுறைக்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. கா-பிங் யீ என்பவர் எழுதிய அந்த மொடியூல் 2001ஆம் ஆண்டு வெளிவந்த 2.1ஆம் பதிப்பிலே சேர்ந்தது. 2012இல் வந்த 3.3ஆம் பதிப்பு அதற்குள் ‘சிக்னேச்சர்’ என்ற சார்பை வைத்தது. கையொப்பம் என்பது சொற்பொருள். யாதேனும் ஒரு சார்பின் பெயரை இதற்குக் கொடுத்தால், அச்சார்பை ஓட்டாமலே, அதன் ஆசனங்களை ஒழுங்கு பிறழாமற் காட்டும். ஒவ்வோர் ஆசனத்தின் பெயர் யாது, அதில் எவ்வாறு அமர்தல் வேண்டும், அது வெறுமையாய் விடப்பட்டால் அங்கே அமர்வது எது என்பனவற்றைச் சொல்லும்.

எவ்வாறு அமர்தல் வேண்டும் என்பதிலே ஓர் இலக்கண நயம் உண்டு. ஆங்கிலத்திலே கொன்றவனும் கொல்லப்பட்டவனும் இடத்தால் வேறுபடுவர். முன்னே நிற்பவன் கொன்றவன். இடம் மாறினாற் பழி மாறும். தமிழிலே உருபு காக்கின்றது. ‘இராவணனை இராமன் கொன்றான்’ என்றாலும் ‘இராமன் இராவணனைக் கொன்றான்’ என்றாலும் மாண்டவன் இராவணனே. பைதான் இவ்விரு வழக்கையும் தழுவியது. சில ஆசனங்களில் இடத்தால் மாத்திரம் அமரலாம். சிலவற்றில் ஆசனத்தின் பெயரைச் சொல்லியே அமர வேண்டும். அப்பெயர் உருபுபோல் நிற்கும். சிலவற்றில் எவ்வழியும் ஆம். எஞ்சிய இரண்டும் வந்தாரையெல்லாம் வாரிக்கொள்ளும் திண்ணைகள்; ஒன்று இடத்தால் வந்தாரையும் மற்றது பெயரால் வந்தாரையும் ஏற்கும். ஆக, ஆசனம் ஐந்து வகை. இன்ன வகை என்று சிக்னேச்சர் பிரித்துக் காட்டும்.

மற்றொரு நயம் இன்னும் கூரியது. பைதானிலே ‘நன்’ என்று ஒரு பெறுமானம் உண்டு. ‘ஒன்றுமில்லை’ என்பது அதன் பொருள். ஓர் ஆசனத்தின் இயல்புநிலைப் பெறுமானம் ‘ஒன்றுமில்லை’ என்பதாய் இருக்கலாம். வேறோர் ஆசனத்துக்கு இயல்புநிலைப் பெறுமானமே இல்லாதிருக்கலாம். முன்னதை வெறுமையாய் விடலாம். பின்னதை விட்டாற் பிழை. இரண்டையும் ஒரே சொல்லாற் குறித்தால் மயக்கம் விளையும் என்று கண்டு, பின்னதற்கு ‘எம்ப்டி’ என்று தனிக்குறி ஒன்று வைத்தனர். இல்லாமை வேறு, ‘இல்லை’ என்பது இருத்தல் வேறு. நம் தருக்க நூலார் அபாவத்தை வகுத்து வகுத்துப் பேசியதை வீண்வாதம் என்று நகைப்பார் இந்தக் குறியைச் சற்று நோக்குவாராக.

எனினும் என் நெஞ்சைக் கவர்ந்தது இவை இரண்டும் அல்ல. சிக்னேச்சர் காட்டிய கையொப்பத்தோடு, நாம் கொடுக்க நினைத்த பெறுமானங்களைப் பொருத்திப் பார்க்கும் ‘பைண்ட்’ என்னும் முறை ஒன்று உண்டு. இன்ன பெறுமானம் இன்ன ஆசனத்தில் அமர்கின்றது என்று அது அன்வயப்படுத்தும். அவ்வன்வயத்தின்மேல் ‘அப்ளை டிஃபோல்ட்ஸ்’ என்னும் முறையை ஏவினால், நாம் சொல்லாது விட்டவை யாவும் வருவிக்கப்பட்டு, வாக்கியம் நிறைவாய் நம்முன் நிற்கும். 2015இல் வந்த 3.5ஆம் பதிப்பு முதல் இவ்வசதி உண்டு. உரையாசிரியன் செய்த அதே தொழில் இது. நாம் இரண்டு சொற் சொன்னோம்; கணினி விளங்கிக்கொண்டது ஒன்பது சொல். அந்த ஏழும் எவை என்பதை ஏவலுக்கு முன்னரே கண்ணாரக் காண்கின்றோம்.

காணாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்பார் உளர். தமிழனுக்குக் குறைவது எது என்பதை மூன்று சார்புகள் கொண்டு காட்டுகின்றேன்.

எம் வகுப்பு மாணவர் சிலர் ஒரு பழைய நூலுக்குச் சொல்லடைவு தொகுத்தனர். சொற்களை அகர வரிசைப்படுத்தப் பைதானின் ‘சோர்ட்டட்’ என்னும் சார்பை அழைத்தனர். அடைவு வந்தது. பள்ளி, பழம், பவளம் என்ற வரிசையில் வந்தது! நம் நெடுங்கணக்கிலே வகரத்தின் பின் ழகரம், அதன்பின் ளகரம். ஆகவே பவளம், பழம், பள்ளி என்பதே முறை. கணினி அதனை முற்றும் தலைகீழாக்கியது. மரத்துக்கு முன் மனம் வந்து நின்றது. காரணம் எளிது. யூனிகோட்டிலே தமிழெழுத்துக்கள், பிற இந்திய எழுத்துக்களோடு ஒப்ப அடுக்கிய ‘இஸ்கி’ என்னும் இந்திய நியமத்தைத் தழுவி எண் பெற்றன. னகரம் நகரத்துக்கு அடுத்த வீட்டில் குடியேறியது. றகரம் ரகரத்தின் பக்கத்தில் அமர்ந்தது. சோர்ட்டட் அந்த எண்களைப் பார்த்து வரிசைப்படுத்தியது.

கணினிக்குத் தமிழ் தெரியாது. கையால் மாற்றி எழுதுவோம் என்றார் மாணவர். நான் அச்சார்பின் கையொப்பத்தைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டனர். மூன்று ஆசனங்கள் தெரிந்தன. முதலாவதில் அவர்கள் கொடுத்த பட்டியல். மூன்றாவது, இறங்கு வரிசையா என்பது. அதில் ‘அன்று’ என்னும் பெறுமானம். நடுவிலே ‘கீ’ என்று ஓர் ஆசனம். அதில் நன் அமர்ந்திருந்தது. எதனைத் திறவுகோலாகக் கொண்டு வரிசைப்படுத்துவது என்று கேட்கும் ஆசனம் அது. கேட்டது அது; விடை சொல்லாதிருந்தோர் இவர்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கில் உள்ள இடத்தைச் சொல்லும் சிறு சார்பு ஒன்றை எழுதி அங்கே இருத்தினர். பவளம் தன் இடத்துக்கு வந்தது. கணினிக்குத் தமிழ் தெரியாது என்பது மெய்யே. ஆயினும் தமிழ் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசனத்தை அது ஒழித்து வைத்திருந்தது.

இரண்டாவது, ‘ஜேசன்’ என்னும் பொது வடிவத்தில் தரவை எழுதித் தரும் ‘டம்ப்ஸ்’ என்ற சார்பு. இதன் கையொப்பத்தை நோக்கினால், எழுத வேண்டிய பொருளுக்குரிய முதலாசனம் நீங்க, இயல்புநிலைப் பெறுமானம் உடைய ஆசனங்கள் ஒன்பது உள. அவற்றுள் ஒன்றன் பெயர் ‘என்ஷுவர் ஆஸ்கி’. வருவன யாவும் ஆஸ்கி என்னும் ஆங்கில எழுத்துத் தொகுதிக்குள் அடங்குமாறு செய்க என்பது கருத்து. அதில் அமர்ந்திருக்கும் பெறுமானம் ‘ஆம்’. பயன் யாது? ‘தமிழ்’ என்று மூன்றெழுத்தை நாம் எழுதச் சொன்னால், சாய்கோடும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த 30 குறிகளை அது எழுதி வைக்கும். பொருள் கெடாது, மீளப் படிக்கும்போது கணினி அதைத் தமிழாகவே படிக்கும். இதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் மனிதன் கண்ணுக்கு அது தமிழன்று. அவ்வாசனத்தில் ‘அன்று’ என்னும் பெறுமானத்தை நாமே இருத்தினால் தமிழ் தமிழாய் நிற்கும். இங்கே இயல்பு என்று சொல்லப்பட்டது யாருடைய இயல்பு?

மூன்றாவதே மிகக் கொடியது. கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ என்ற சார்புக்கு எட்டு ஆசனங்கள். கோப்பின் பெயரொழிய மற்றை ஏழும் வெறுமையாய் விடத்தக்கன. அவற்றுள் ‘என்கோடிங்’ என்பது, கோப்பில் உள்ள எண்களை எந்தக் குறிமுறைப்படி எழுத்தாக்குவது என்று கேட்பது. அதில் அமர்ந்திருப்பது நன். சோர்ட்டட்டிலே நன் என்றால் ஒன்றும் செய்யாதே என்பது பொருள். இங்கே அப்படியன்று. நெடுங்காலமாய் இந்த நன்னுக்குப் பொருள், இக்கணினி இருக்கும் தேச வழக்கத்தைக் கேட்டு அதன்படி செய் என்பதே. லினக்ஸ் கணினியிலே அவ்வழக்கம் பெரும்பாலும் யூ.டி.எஃப்-8 ஆக இருந்தமையால் தமிழ் பிழைத்தது. விண்டோஸ் கணினி பலவற்றிலே அது 1252 என்னும் மேலைத்தேயக் குறித்தொகுதி. யூ.டி.எஃப்-8 வடிவில் உள்ள தமிழ்க் கோப்பொன்றை அத்தொகுதி கொண்டு படித்தால், ககரம் ஒன்றே மூன்று குறிகளாய்ச் சிதையும். புள்ளியின் கதை அதனினும் இரங்கத்தக்கது. யூ.டி.எஃப்-8இலே புள்ளியின் ஈற்றில் வரும் எண்ணுக்கு 1252ஆம் தொகுதியில் யாதொரு குறியும் வகுக்கப்படவில்லை. உகரக் குறிக்கும், ஏகார ஐகார உயிர்களுக்கும் அதே கதி. ஆகவே கணினி அங்கே வந்து, பிழை என்று கூறி நின்றுவிடும். மெய்யை மெய்யாக்கும் புள்ளியே இடறுகல்லாயிற்று.

இதிலே கையொப்பம் நமக்கு என்ன உதவி செய்தது? பாதி உதவி. இங்கே ஓர் ஆசனம் உண்டு, நீ அதை நிரப்பவில்லை என்று சொன்னது. நிரப்பாதவிடத்து வரப்போவது எது என்று சொல்லவில்லை. நன் என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டது. இயல்புநிலைப் பெறுமானத்தை வினவுதற்கு வழி இருந்தாற் போதாது. வினவினால் வரும் விடை மெய்ப்பொருளைக் காட்டுவதாயும் இருத்தல் வேண்டும் என்று நான் சொல்வது இதனால். பைதான் குழுவினரும் இக்குறையை அறியாதாரல்லர். என்கோடிங் கொடாதவிடத்து, வேண்டுவோர்க்கு எச்சரிக்கை தரும் ஏற்பாடு ஒன்றை 2021இல் 3.10ஆம் பதிப்பிற் செய்தனர். 3.15ஆம் பதிப்பு முதல் யூ.டி.எஃப்-8 என்பதே எங்கும் இயல்பு எனவும் முடிவு செய்தனர். 1991இற் பிறந்த இருவருக்கும் இடையே நிகழ்ந்த வழக்கு இவ்வளவு காலம் நடந்தது.

கையொப்பம் பொய் சொல்லாது. ஆயினும் அதன் மெய் சிலபோது நம்மைத் திடுக்கிடச் செய்யும். ‘பதி’ என்று ஒரு சார்பை எழுதுகின்றோம். முதலாசனம் பெயர், இரண்டாவது அப்பெயரைச் சேர்க்க வேண்டிய பட்டியல். பட்டியல் கொடாதவிடத்து ஒரு வெறும் பட்டியல் இயல்பு என்று வைக்கின்றோம். கண்ணன் என்று பதிகின்றோம். கண்ணன் மாத்திரம் உள்ள பட்டியல் வருகின்றது. பின்னொரு முறை வள்ளி என்று பதிகின்றோம். வள்ளி மாத்திரம் வருவாள் என்று பார்த்தால், கண்ணனும் வள்ளியும் சேர்ந்து வருகின்றனர்! பைதான் இயல்புநிலைப் பெறுமானத்தைச் சார்பை வகுக்கும்போது ஒரே முறை ஆக்கி வைத்துக்கொள்கின்றது. அழைக்குந்தோறும் புதிது ஆக்குவதில்லை. ஒரே பாத்திரத்தை வந்தவர்க்கெல்லாம் கழுவாமற் கொடுப்பதுபோல் என்க. கற்போர் பலர் இங்கே இடர்ப்படுகின்றனர். விளக்கவுரை பத்துப் பக்கம் எழுதுவதினும், அழைக்குமுன் ஒருமுறையும் அழைத்தபின் ஒருமுறையும் அச்சார்பின் கையொப்பத்தைக் கேட்டுக் காட்டினாற் போதும். முன்னர் வெறும் பட்டியல். பின்னர் அதே ஆசனத்தில் கண்ணனும் வள்ளியும். பார்த்த மாணவன் மறவான்.

பிறமொழிகள் இவ்விடயத்தில் எவ்வாறு ஒழுகுகின்றன? ஜாவா மொழியிலே இயல்புநிலைப் பெறுமானம் என்பதே இல்லை. எல்லா ஆசனமும் நிரம்பியே ஆக வேண்டும். வேண்டுமானால் ஒரே பெயரில் வெவ்வேறு எண்ணிக்கையான ஆசனம் உடைய முறைகளைத் தனித்தனி எழுதலாம். அம்மொழி ஆசனங்களின் பெயரைச் சொல்லத் தொடங்கியதே 2014இல், எட்டாம் பதிப்பில். அதுவும் மொழிமாற்றும்போதே பெயர்களைச் சேமித்து வை என்று தனியே ஏவியிருத்தல் வேண்டும். இன்றேல் பெயருக்குப் பதிலாகப் பூச்சியம், ஒன்று என்ற எண்ணிட்ட பொய்ப்பெயர்களைச் சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் 2015இல் இயல்புநிலைப் பெறுமானத்தை ஏற்றது. சார்பை வினவினால், அத்தகைய பெறுமானம் உடைய முதலாசனத்துக்கு முன்னே எத்தனை ஆசனங்கள் உள என்று ஓர் எண்ணை மாத்திரம் சொல்லும். கஞ்சத்தனம்!

ரூபி மொழியின் போக்கு சிந்திக்கத்தக்கது. ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ ஆக்கிய அம்மொழி 1995இல் வெளிவந்தது. அதிலே ஒரு முறையின் ஆசனங்களைக் காட்டும் ‘பராமீட்டர்ஸ்’ 2010இல் 1.9.2ஆம் பதிப்போடு வந்தது. ஆசனத்தின் பெயரைச் சொல்லும். அது கட்டாயமா, விடத்தக்கதா என்றும் சொல்லும். விட்டால் அங்கே அமர்வது எது என்று கேட்டால் மட்டும் வாய் திறவாது. இதற்கு அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. ரூபியிலே இயல்புநிலைப் பெறுமானம் அழைக்குந்தோறும் புதிதாய்க் கணிக்கப்படுவது. முன்னாசனத்தில் அமர்ந்ததைப் பொறுத்துப் பின்னாசனத்தின் இயல்பு மாறவுங்கூடும். அழைக்குமுன் பெறுமானமே பிறவாதபோது எதைக் காட்டுவது? கண்ணனையும் வள்ளியையும் கலக்கும் இடர் அங்கே இல்லை என்பதும் அவர்களுக்குப் பெருமை. இவ்வளவும் ஒப்புக்கொள்ளுகின்றேன். ஆயினும் பெறுமானம் பிறவாவிடினும் அதனைப் பிறப்பிக்கும் விதி எழுத்தில் உள்ளதன்றோ? விதியைக் காட்டலாமே. சூத்திரம் இருக்க, உதாரணம் இல்லை என்று கைவிரிப்பது இலக்கணகாரர்க்கு அழகன்று.

இனி, மறுப்பவர் இருவர்க்கு விடை கூறல் வேண்டும்.

ஒருவர், இவையெல்லாம் கைந்நூலிலே எழுதியிருக்கின்றனவே. சார்பைப் போய் வினவுவானேன் என்பார். கைந்நூல் உரையளவை. சார்பை வினவிப் பெறுவது காண்டலளவை. உரை பழையதாகும். பழைய பைதான் நூல்களிலே ஆசனங்களை அறிய ‘கெட் ஆர்க் ஸ்பெக்’ என்ற சார்பை அழைக்க என்றுதான் எழுதியிருக்கும். 2022இல் வந்த 3.11ஆம் பதிப்பிலே அச்சார்பு நீக்கப்பட்டுவிட்டது. நூலகத்து அலுமாரியில் உள்ள நூல் அதனை அறியாது. நம் கையிலுள்ள பதிப்பிலே இன்றைக்கு என்ன இருக்கின்றது என்பதைக் கையிலுள்ளதே சொல்ல வல்லது. காண்டலுக்கும் எல்லை உண்டு. சி மொழியில் எழுதப்பட்ட உட்சார்புகள் சில, எமக்குக் கையொப்பம் இல்லை என்று கைவிரிக்கும். அப்போது உரையை நாடுக. முன்னே காண்டல், பின்னே உரை.

மற்றவர் இக்காலத்தவர். செய்நிரலை இப்போது இயந்திரமே எழுதித் தருகின்றது. பிள்ளைகள் ஆசனங்களை எண்ணிக்கொண்டிருப்பானேன் என்பது அவர் கட்சி. இக்கட்சியே என் கட்சிக்குப் பெருந்துணை. தானே எழுதுகின்றவன் தான் எவற்றைச் சொல்லாது விட்டான் என்பதை ஓரளவாவது அறிவான். எழுதித் தரப்பெற்றவன் அதையும் அறியான். இயந்திரம் தந்த நிரலிலே ஓப்பன் என்று வந்து, என்கோடிங் என்ற ஆசனம் வெறுமையாய்க் கிடந்தால், அந்த வெறுமை அவன் கண்ணுக்குப் படாது. உள்ள சொல்லைப் படித்தல் எளிது. இல்லாத சொல்லைப் படிக்கப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியைத் தமிழ் வகுப்பிலே எச்சம், தொகை, தோன்றா எழுவாய் என்று நாம் நெடுங்காலம் கொடுத்து வந்திருக்கின்றோம். கணினி ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே பாடத்தை இரண்டு அறைகளில் நடத்துகின்றனர்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறமொழிப் பெயர்களோடு பிள்ளைகள் மல்லுக்கட்ட வேண்டுவதில்லை. 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் பைதானிலே சார்புக்கும் ஆசனத்துக்கும் தமிழிலேயே பெயரிடலாம். ‘அலகிடு’ என்று ஒரு சார்பு எழுதுவிக்க. முதலாசனம் செய்யுள், அதற்கு இயல்புநிலைப் பெறுமானம் வேண்டா. அடுத்தது, குற்றியலிகரத்தை அலகு பெறச் செய்வதா என்பது. மூன்றாவது, அளபெடையை அலகு பெறச் செய்வதா என்பது. பின்னிரண்டுக்கும் இயல்பாய் எதனை வைப்பது என்பதை ஒவ்வொரு மாணவனும் தானே தீர்மானிக்கட்டும். தளை கெடுமிடத்து இவை அலகு பெறா என்ற விதியை நினைந்து ஒருவன் ‘அன்று’ என்று வைப்பான். அது கெடுமிடத்துக்கே உரியது, மற்றையவிடத்துப் பெறும் என்று மற்றொருவன் ‘ஆம்’ என்று வைப்பான். பின்னர் ஒருவன் எழுதியதை மற்றொருவன் திறந்து பாராமல், கையொப்பத்தை மட்டும் கேட்டு, இவன் யாப்பிலக்கணத்தில் என்ன கொள்கை உடையவன் என்று கூறட்டும். ஒரு வெண்பாவைக் கொடுத்து, இருவர் சார்பும் விளங்கிக்கொள்ளும் நிறைவாக்கியத்தைத் தனித்தனி வருவித்து எழுதட்டும். அதன்பின் ஓட்டிப் பார்க்கலாம். அந்த வகுப்பிலே சண்டை வரும். வரட்டும், யாப்பைப் பற்றி மாணவர் சண்டையிட்டுப் பலகாலம் ஆயிற்று.